வரியில்லாத வீடு

வரியைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் வாசகருட் பலர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும் என்பதை நாம் அறிவோம். வரி என்பது கணக்கப்பிள்ளைகளின் விவகாரம், சட்டத்தரணிகளின் பிழைப்பு என்றோர் எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு அதிலே என்ன வேலை என்று கேட்பாரும் உளர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த புறப்பாட்டை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். யானை தானே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பதே அதிகம் என்று மாணவரும் பரீட்சையில் அழகாக எழுதிவிடுகின்றனர். ஆனால், தம் வீட்டுக்கு வந்த வரி அறிவித்தலைக் கையிலே கொடுத்து, அதிலுள்ள எண்கள் எங்ஙனம் பிறந்தன என்று கேட்டுவிட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது.

அந்த மௌனம் தற்செயலானதன்று. ஒரு வரி எவ்வளவு மறைவாகக் கணக்கிடப்படுகிறதோ அவ்வளவுக்கு அதை விதிப்பவர் சௌகரியமாக இருக்கலாம். ஆகவே, முதலிலே கணக்கைப் பார்ப்போம்.

இலங்கையில் வீட்டின்மீதும் காணியின்மீதும் ஆண்டுதோறும் விழும் வரி கொழும்பிலுள்ள திறைசேரிக்குப் போவதன்று. உள்ளூராட்சிச் சபைக்கே போவது. மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், கிராமப்புறத்துப் பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இதனை அறவிடுகின்றன. அரசாங்க ஏடுகளில் இது மதிப்பீட்டு வரி. யாழ்ப்பாணத்தார் சோலைவரி என்பர். சோலையும் இல்லை, சோலைக்கு நீரும் இல்லை. வரி மாத்திரம் உண்டு என்று எம் தந்தையார் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தை மாதமும் சபைக்குச் சென்று கட்டிவிட்டு வருவார். சனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்திலே கட்டினால் நூற்றுக்கு ஐந்து. அவருக்கு அந்தப் பத்து முக்கியம்.

வீட்டின் விற்பனை விலைக்கு வரி என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது சரியன்று. இவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று மதிப்பிடுவர். அதுவே வருடாந்தப் பெறுமதி. வாடகைக்கு விட்டீரா, நீரே குடியிருக்கிறீரா என்பது அங்கே கேள்வியன்று. அந்தப் பெறுமதியின்மீது சபை தீர்மானித்த நூற்றுவீதத்தைப் பெருக்கினால் வரி வந்துவிடும். கரும்பலகையில் நாம் எழுதிக் காட்டிய கணக்கு இது: பெறுமதி 60,000 ரூபா, வீதம் நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4,800, காலாண்டுக்கு 1,200. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய பெருக்கல். கடினமெல்லாம் அந்த 60,000 எங்கிருந்து வந்தது என்பதிலேதான். அரசாங்கத்தின் விலைமதிப்பு உத்தியோகத்தர் வந்து சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், எத்தனை அறை, எந்த வீதி என்று குறித்துக்கொண்டு போவார். அவர் குறித்தது பிழையென்று கருதினால், அறிவித்தலிற் சொல்லப்பட்ட தேதிக்கு முன் எழுத்திலே ஆட்சேபிக்கலாம். அதற்கும் நியாயம் கிடைக்காவிடின் நீதிமன்றம் போகலாம். இந்த உரிமை அறிவித்தலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் அதை வாசிக்கிறார்கள்? வரி கட்டாமற் போனால் வாரண்டு வரும், வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றுவார்கள் என்பதை மட்டும் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். அச்சம் தரும் பகுதி வாய்வழியாகப் பரவிவிடுகிறது. உரிமை தரும் பகுதியோ அச்செழுத்திலேயே தங்கிவிடுகிறது.

நாம் கற்பிப்பது கொட்டாஞ்சேனையில். குடியிருப்பது வெள்ளவத்தையில், வாடகை வீட்டில். காலையில் பஸ்ஸேறிக் காலிவீதி வழியே கோட்டையைக் கடந்து வடக்கே போகும்போது, ஒரே மாநகர சபைக்குள் இரண்டு நகரங்கள் கிடப்பதைக் காணலாம். வெள்ளவத்தையிலே கடற்பக்கத்து ஒழுங்கைகளில் மாடிமேல் மாடியாக அடுக்குமனைகள் எழுந்துவிட்டன. ஒவ்வொரு மனைக்கும் தனி வரியிலக்கம். கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலோ ஒரு பழைய இலக்கத்தின் கீழ் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே பத்து, இருபது, நாற்பது என்று வீடுகள் தொங்குகின்றன. தோட்டம் என்ற சொல்லுக்குக் கொழும்பில் வேறு பொருள் என்பதை வெளியூர் வாசகருக்குச் சொல்லவேண்டும். ஒரு வாசல், ஒரு பொதுக் குழாய், இருபுறமும் அறைகள். அதுவே தோட்டம்.

அத்தோட்டமொன்றில் குடியிருக்கும் மாணவியொருத்தியின் தாயார் நம்மிடம், "வரியெல்லாம் வீட்டுக்காரர் பாடு, எங்களுக்கு என்ன தம்பி?" என்றார். நாம் அவருடன் வாதிக்கவில்லை. ஆயினும் அவர் மாதந்தோறும் கொடுக்கும் வாடகையில் அந்த வரி ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரர் பெயரிலே பற்றுச்சீட்டு, குடியிருப்பவர் பையிலிருந்து பணம். வீடு கிடைப்பது அரிதாயிருக்கும் நகரமெங்கும் இதுதான் வழக்கம். ஒரு காலத்தில் இதே வருடாந்தப் பெறுமதி குடியிருப்பாளரின் கையில் ஒரு கேடயமாகவும் இருந்ததுண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வாடகையைச் சபையின் மதிப்பீட்டோடு முடிச்சுப் போட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. வாடகைக்கிருந்த பல குடும்பங்கள் வீட்டின் சொந்தக்காரராயின. இவற்றின் குறைகளை எடுத்துரைப்பார் சொல்வதிலும் உண்மை உண்டு. வாடகைக்கு வீடு கட்ட முதலிடுவோர் குறைந்தனர் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், வரிக்கென்று எழுதிய ஓர் எண் வறியவனைக் காக்கவும் பயன்படலாம் என்பதற்கு அச்சட்டம் சாட்சி.

இவ்வளவையும் உயர்தர வகுப்பில் ஒரு பிற்பகல் விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். ஊர் பதுளைப் பக்கம். தாயார் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். இவன் கொட்டாஞ்சேனையில் மாமன் வேலை பார்க்கும் கடையின் மேல்மாடியில் தங்கிப் படிக்கிறான். "சேர், எங்க லயத்துக்கு இந்த வரியே கிடையாது. அப்ப நாங்கதானே லாபம்?" என்றான். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. இக்கட்டுரையே அதனாலேதான் எழுந்தது.

கிராமப்புறத்திலே வரி இருவகையாக விழுகிறது. கடைத்தெரு, பட்டினம், வீடு நெருங்கிய இடம் என்று பிரகடனப்படுத்திய பகுதிகளில் மேலே சொன்ன மதிப்பீட்டு வரி. அதற்கு வெளியே, நிரந்தரமாகப் பயிர்செய்யப்படும் பெருநிலங்களுக்கு ஏக்கர் வரி. இந்த இரண்டாவதன் குணம் வேடிக்கையானது. கடைத்தெருவிலே ஒரு தையற்காரனின் அறைக்கு வாடகைப் பெறுமதி பார்க்கிறார்கள்; அது உயர உயர வரியும் உயரும். ஏக்கர் வரியோ பரப்பை மாத்திரம் பார்க்கும். அந்நிலத்தில் விளைவது என்ன, அது ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று அது கேட்பதில்லை. வர்த்தமானி அறிவித்தல்களைப் புரட்டினால், ஹெக்டேயர் ஒன்றுக்கு ஓராண்டு வரி, இன்று கடையிலே ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கிவிடும் சபைகளையும் காணலாம். தேயிலை நிலத்தின் வரி ஒரு கோப்பைத் தேநீர்! கதையிலே எழுதினால் மிகைப்படுத்தல் என்பார்கள்.

இனி, லயம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்கிடையே லயத்து அறை தொழிலாளியின் பெயருக்கு வரவில்லை. அது தோட்டத்தின் ஒரு பகுதி. கொழுந்துக் கூடையைப் போல, தொழிற்சாலைக் கொட்டகையைப் போல. ஆதலால் சபையின் பதிவேட்டில் அதற்குத் தனியிலக்கம் இல்லை. இலக்கம் இல்லாததால் முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் போகும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அப்படித்தான், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் அப்படித்தான். நாள் கடந்து கிடைத்த கடிதங்களின் கதையை மலையகத்து ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபை நிதியைக் கிராமங்களின் பொதுவசதிகளுக்கென்று வரையறுத்த விதத்தில், தோட்டக் குடியிருப்புகள் அதற்கு வெளியே நின்றன. 1988இல் பிரதேச சபைகள் தொடங்கிய நாள்தொட்டு ஒரு விந்தையான நிலைமை. தோட்டத் தொழிலாளி சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம்; தன் பிரதிநிதியைத் தலைவராகவும் ஆக்கலாம். ஆனால், அத்தலைவர் தாம் பிறந்த லயத்துக்கு முன்னாலுள்ள பாதைக்குச் சபைப் பணத்திலிருந்து ஒரு கூடை கல் போடச் சட்டத்திலே இடமில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது; வீதி, கிணறு முதலிய பொதுவசதிகளைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செய்துகொடுக்க அத்திருத்தம் வழிவிட்டது.

இந்தப் பிரிவு 1987இல் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் வேர் ஐம்பதாண்டு ஆழத்திலிருக்கிறது. 1937இல் கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களிற் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து பலத்த ஆட்சேபம் எழுந்தது. தோட்டத்தின் தேவைகளைத் தோட்டத் துரைமாரே கவனித்துக்கொள்கிறார்கள், கிராமத்தோடு அதற்கு ஒட்டில்லை என்ற எண்ணம் அக்காலத்து ஆள்வோரிடம் ஆழப் பதிந்திருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம், பேசுகிறோம். அதற்குப் பதினோராண்டு முன்பே கிராமச் சங்கத்தின் வாசலில் இந்தக் கதவு சாத்தப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

தமிழ் படித்தவர் என்ற முறையில் இவ்விடத்தே நமக்கு ஒரு கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துச் சாசனங்கள், கோயிலுக்கு இறை இறுக்கும் ஊர்களைக் குறிப்பிடுகையில், இறை இல்லாத நிலங்களையும் கணக்கிட்டுக் கழிக்கின்றன. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. இப்பட்டியலைப் பல்கலைக்கழகத்திற் படித்தபோது, சோழனின் நில அளவைத் திறமைக்கு அத்தாட்சி என்று நமக்குக் கற்பித்தார்கள், திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தச் சேரியில் இருந்தவனை நோக்கி, "உனக்கு இறை இல்லை, நீ பாக்கியவான்" என்று எவரேனும் சொல்லியிருப்பாரா? கோயிலுக்கு வரியில்லாதது அதன் மேன்மையால். சேரிக்கு வரியில்லாதது, அங்கே வரிவிதிக்கத்தக்க உடைமை எவருக்கும் இல்லை என்பதால். இறையிலி என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிட்டன. லயமும் அவ்வழி வந்த இறையிலி நிலமே.

மேலும், லயத்திலிருப்பவர் வரி செலுத்தாதவர் என்பதே பொய். 2024 சனவரி தொடக்கம் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. கொழுந்து பறிக்கும் பெண் கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் அது உண்டு. துரை வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே 18 தான். நேர்முக வரியின் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. மறைமுக வரியோ பெயர் கேட்பதே இல்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். வீட்டு வரியை மக்களின் நன்மைக்கான கருவி என்று கண்ணை மூடிக்கொண்டு போற்றுவோர் அமெரிக்கக் கிராமப் பள்ளிக்கூடங்களைச் சற்று நோக்குவது நல்லது. அங்கே அரசாங்கப் பாடசாலைகளின் செலவில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீடுகள் விலைபோகும் ஊரில் பள்ளிக்கூடம் செழிக்கும். குடிசைகள் நிறைந்த ஊரிற் சோரும். டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் எட்ஜ்வூட் என்ற ஏழைப் பள்ளி வட்டாரத்துப் பெற்றோர் இதனை எதிர்த்து வழக்காடினர். அவர்கள் நூறு டாலர் பெறுமதிக்கு ஒரு டாலர் ஐந்து சதம் வரி கட்டி, மாணவன் ஒருவனுக்கு 26 டாலர் சேர்த்தார்கள். அதே நகரின் செல்வர் வட்டாரமான அலமோ ஹைட்ஸ், 85 சதம் மாத்திரமே கட்டி 333 டாலர் சேர்த்தது. அதிகமாகக் கொடுத்தவனுக்குக் குறைவாகக் கிடைத்தது! 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அப்பெற்றோரின் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று, 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியை, நம் சம்பளம் எந்த ஊரின் வீட்டு வரியையும் நம்பியிருக்கவில்லை என்பதை, நன்றியோடு நினைத்துக்கொண்டோம். உடனேயே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகே முழுமையாக அரசின் பொறுப்புக்கு வரலாயின. அதுவரை அவற்றுட் பல தோட்டத்தின் தயவிலே, ஓராசிரியரோடு நடந்தன.

இப்பொழுது வீட்டு வரி மீண்டும் நாட்டின் பேச்சாகியிருக்கிறது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்படிக்கையில், நாடு தழுவிய ஆதன வரியொன்றைக் கொண்டுவருவதும் வாக்குறுதிகளுள் ஒன்று. 2024இல் அது, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கிடைக்கக்கூடிய தொகையை வருமானமாகக் கருதி வரிவிதிக்கும் யோசனையாக உருமாறியது. வெள்ளவத்தை ஒழுங்கைகளெங்கும் கலக்கம். தாம் குடியிருக்கும் வீட்டுக்கு விலக்குண்டு என்று அன்று ஆட்சியிலிருந்தோர் கூறியும் கலக்கம் தணியவில்லை. 2025இல் அது நடைமுறைக்கு வரவில்லை. கிடைக்காத வாடகைக்கு வரியா என்று கேட்டவர்கள், அதே கிடைக்காத வாடகைக்குத்தான் தம் பாட்டனார் காலந்தொட்டு மாநகர சபைக்கு வரி கட்டிவருகிறோம் என்பதை அறிந்திருந்தார்களில்லை. நம்முடைய கருத்தைக் கேட்டால், மூன்றாவது வீட்டையும் நான்காவது வீட்டையும் பூட்டி வைத்திருப்பவரிடம் வரி வாங்குவதில் பிழையொன்றும் காணோம்; சவர்க்காரத்தின் 18ஐக் குறைக்க அது உதவுமாயின் இரட்டிப்பு நியாயம். ஆனால், முதலில் பதிவேட்டைத் திருத்தவேண்டும். இல்லாவிடில் புதிய வரியும் கடைத்தெருத் தையற்காரனைக் கண்டுபிடித்து, தேயிலை மலையைக் காணாது போய்விடும்.

பதிவேட்டின் பெறுமதியை எம் தந்தையாரின் தகரப்பெட்டியிற் கண்டோம். போரிலே ஊர் இடம்பெயர்ந்தபோது உறுதிகள் பலருக்குத் தொலைந்தன. எம் வளவுக்கும் உறுதியில்லை. ஆனால், ஆண்டாண்டாக அவர் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டுகள் நூலிற் கட்டியபடியே பெட்டியில் இருந்தன. வரிப் பற்றுச்சீட்டு உறுதிக்கு ஈடாகாது என்பது சட்டம். எனினும், ஒரு காணியை இன்னார் ஆண்டு அனுபவித்தார் என்பதற்கு அது ஒரு சான்று. பத்தாண்டு ஆட்சியுரிமை பேசும் வழக்குகளில் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைத்தான். மீளக் குடியேறிய நாளில் எல்லை பற்றிய பேச்சு எழுந்தபோது, கிழவர் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டை மேசைமீது வைத்தார். பேச்சு முடிந்தது. நான்கு தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்திடம் மேசைமீது வைக்க என்ன இருக்கிறது?

அம்மாணவனின் தாயாருக்கு ஏழு பேர்ச் காணியில் ஒரு தனிவீடு கிடைத்திருக்கிறது. தோட்டங்களில் இப்படிச் சில ஆயிரம் வீடுகள் எழுந்துள்ளன. அவற்றிற் சில இந்திய உதவியோடு கட்டப்பட்டவை. வீடு வந்துவிட்டது, இலக்கம் இன்னும் வரவில்லை. விடுமுறைக்குப் போய்த் திரும்பியவன் இதைச் சொன்னபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அப்பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்றோம். வகுப்பே கூடி வாசகத்தை அமைத்தது. கேள்விகள் மூன்று. எம் தோட்டத்தின் நிலத்துக்கு ஏக்கர் வரியாகக் கடந்த ஐந்தாண்டுகளில் ஆண்டுதோறும் சபைக்குக் கிடைத்த தொகை எவ்வளவு? 2018இன் திருத்தத்துக்குப் பின் எம் குடியிருப்புக்குச் சபை நிதியிலிருந்து செலவிட்டது எவ்வளவு? புதிய வீடுகளை மதிப்பீட்டுப் பதிவேட்டிற் சேர்த்து இலக்கம் வழங்கும் தீர்மானம் ஏதேனும் எடுக்கப்பட்டுள்ளதா? பெறுகைப் பிழை வராதிருக்க மூன்று முறை பிரதி செய்தார்கள். தாயார் கையொப்பமிட்டு அனுப்பினார். சபை பதினான்கு வேலைநாட்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும் என்பது சட்டம்.

விண்ணப்பத்தில் பதில் அனுப்பவேண்டிய முகவரி என்றொரு இடம் இருந்தது. தோட்டக் கந்தோரின் முகவரியை எழுத அவன் விரும்பவில்லை. எமது வெள்ளவத்தை வீட்டின் வரியிலக்கத்தை எழுதிவிட்டோம்.